வளர்ச்சிக் காரணியா, வளர்ச்சித் தூண்டியா?

மார்பகப் புற்றுநோய் பற்றித் தமிழில் எழுதுவோர் 'இரத்த நாள வளர்ச்சிக் காரணி' என்று குறிப்பிடுவது, 'வாஸ்குலர் எண்டோதீலியல் குரோத் ஃபேக்டர்' எனவும் சுருக்கமாக 'வி.இ.ஜி.எஃப்.' எனவும் வழங்கும், புதிய நாளங்கள் முளைக்கத் தூண்டும் ஒரு புரதத்தையே. இச்சொற்றொடரின் முற்பகுதியில் பெரிய குறையில்லை, 'காரணி'தான் இடறுகிறது.

'வாஸ்குலர்' என்பதன் வேர் 'வாஸ்குலம்' என்னும் இலத்தீன் சொல். அதற்குச் சிறு கலம் என்று பொருள். புதிய நாளங்கள் கிளைப்பதைக் குறிக்கும் 'ஆஞ்சியோஜெனிசிஸ்' என்ற சொல்லில் உள்ள 'ஆங்கெயோன்' என்னும் கிரேக்கச் சொல்லும் கலத்தையே குறிக்கும். ஆகவே, இலங்கைப் பாடநூல்களின் 'குருதிக்கலன்' மூலச்சொல்லுக்கு மிக நெருக்கமானது. ஆனால் அங்கே செல்லுக்குக் 'கலம்' என்று பெயர் இருப்பதால், குருதிக்கலனும் குருதிக்கலமும் ஓரெழுத்தில் வேறுபட்டு நிற்கின்றன. ஓர் அச்சுப்பிழை நேர்ந்தால் குழாய் செல்லாகிவிடும். உள்துளையுள்ள தண்டைச் சுட்டும் 'நாளம்' அந்தக் குழப்பத்துக்கு இடம் தராது. சங்கப் பாடல்களிலேயே பயிலும் 'குருதி'யைச் சேர்த்துக் 'குருதிநாளம்' என்று எழுதுவதே என் விருப்பம்.

'ஃபேக்டர்' என்பது இலத்தீனில் 'செய்பவர்' என்று பொருள்படும். 'காரணி'யின் பின்னாலுள்ள வடமொழி வேருக்கும் 'செய்தல்' என்பதே பொருள் என்பதால், சொற்பிறப்பு நோக்கில் மொழிபெயர்ப்பு பிழையன்று. ஆனால் 'காரணி' என்றதும் தமிழ்க் காதில் விழுவது 'காரணம்' என்பதே. நோயாளி அதைப் புற்றுநோயை உண்டாக்கிய பொருள் என்று எண்ணிக்கொள்ள வாய்ப்புண்டு.

உண்மையில் இப்புரதம் காயம் ஆறும்போதும், கருவில் உறுப்புகள் உருவாகும்போதும், மாதவிடாய்ச் சுழற்சியிலும் இயல்பாகவே சுரக்கிறது. புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீட்டர் அளவைத் தாண்டி வளரத் தனக்கெனக் குருதி வரத்து வேண்டும் என்ற கருத்தை அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் முன்வைத்தார். ஆக்சிஜன் குறையும் கட்டியின் செல்கள் இப்புரதத்தை மிகுதியாக வெளியிட, அது அருகிலுள்ள நாளங்களின் உட்சுவர்ச் செல்களிலுள்ள ஏற்பிகளில் பொருந்தி, அவற்றைப் பெருகவும் கட்டியை நோக்கி நகரவும் தூண்டுகிறது. அப்படி அவசரமாக முளைக்கும் நாளங்கள் கோணலானவை, கசிபவை. 1983இல் இப்புரதம் முதலில் 'நாளக் கசிவு' என்ற பண்பின் பெயராலேயே அறியப்பட்டது. 1989இல் வளர்ச்சியைத் தூண்டும் புரதமாகப் பிரித்தெடுக்கப்பட்ட பிறகே, இரண்டும் ஒன்றுதான் என்று தெரியவந்தது.

இப்புரதத்தைப் பிடித்து முடக்கும் 'பெவசிசுமாப்' என்னும் மருந்துக்கு, பரவிய மார்பகப் புற்றுநோயில் பக்லிடாக்சல் என்னும் வேதிச்சிகிச்சை மருந்துடன் சேர்த்துத் தர, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008இல் விரைவு அனுமதி வழங்கியது. அதற்கு அடிப்படையான ஆய்வில் நோய் முற்றாமல் இருந்த காலம் 5.9 மாதத்திலிருந்து 11.8 மாதமாக நீண்டிருந்தது. பிந்தைய ஆய்வுகளில் அந்தப் பயன் சுருங்கியது. ஆயுள் நீண்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. உயர் இரத்த அழுத்தமும் குருதிப்போக்கும் போன்ற தீங்குகள் எஞ்சின. 2011 நவம்பரில் அந்த அனுமதி விலக்கப்பட்டது. இப்புரதம் நோயின் காரணமாகவே இருந்திருந்தால், அதை முடக்கியதும் நோய் அடங்கியிருக்க வேண்டும். கட்டியோ வேறு தூண்டிகளைக் கொண்டும் நாளங்களை வளர்த்துக்கொள்ள வல்லது.

ஆகையால் 'குருதிநாள வளர்ச்சித் தூண்டி' என்பதே பொருத்தமான தமிழ்ப்பெயர். 'ஊக்கி' என்றும் சொல்லலாம்தான். ஆனால் வேதியியலில் அது வினையூக்கியை நினைவூட்டும். பாடநூல்களில் 'காரணி' வேரூன்றிவிட்டதால், முதல் முறை எழுதும்போது மட்டும் அதையும் உடன் குறிப்பிடுவது நல்லது.