கார்பன் சப்ஆக்சைடு: துணையா, குறையா?

சப்கமிட்டியைத் துணைக்குழு என்கிறோம். அந்தப் பழக்கத்தில் கார்பன் சப்ஆக்சைடையும் ‘கார்பன் துணை ஆக்சைடு’ என்று எழுதிவிடத் தோன்றும். எழுதினால் பொருள் கெட்டுவிடும். இந்த ஆக்சைடு வேறு எதற்கும் துணையாக நிற்பதில்லை.

‘சப்’ இலத்தீன் முன்னொட்டு; கீழே என்று பொருள். இங்கே அது ஆக்சிஜன் வழக்கத்தைவிடக் குறைவு என்று அளவைச் சொல்கிறது. கார்பன் டைஆக்சைடில் ஒரு கார்பனுக்கு இரண்டு ஆக்சிஜன். மோனாக்சைடில் ஒன்றுக்கு ஒன்று. இதிலோ மூன்று கார்பன்கள் வரிசையாக நிற்க, இரு முனையிலும் ஒவ்வோர் ஆக்சிஜன். ஆக, கார்பன் ஒன்றுக்கு முழுசாக ஓர் ஆக்சிஜன்கூட வராது.

அதனால் ‘கார்பன் குறையாக்சைடு’ என்பதே பொருத்தம் என்பேன். ‘குறை’ நமக்குப் புதிய முன்னொட்டும் அல்ல. குறைகடத்தி என்று பள்ளியிலேயே படிக்கிறோம். இலங்கைப் பாடநூல்கள் காபனோரொட்சைட்டு, காபனீரொட்சைட்டு என்று எண்ணைப் பெயருக்குள்ளேயே புணர்த்திவிடும். அழகான முறை. அந்த வழியில் ‘முக்காபனீரொட்சைட்டு’ எனலாம், துல்லியமாகவும் இருக்கும். ஆனால் ‘குறை’ சொல்லும் சேதியை எண் சொல்லாது.

அந்தச் சேதி வெப்பக் கணக்கில் இருக்கிறது. கிராஃபைட்டாக உள்ள ஒரு மோல் கார்பன் முழுதாக எரிந்தால் 393.5 கிலோஜூல் வெளிவரும். மோனாக்சைடோடு நின்றுவிட்டால் 110.5. குறையாக்சைடாகும்போது கார்பன் மோல் ஒன்றுக்குச் சுமார் 31தான். மிச்ச வெப்பம் வெளிவராமலே நிற்கிறது. அரைகுறையாக எரிந்த கரி என்றே இதைச் சொல்லிவிடலாம்.

1873இல் வேதியியலாளர் பெஞ்சமின் பிராடி மோனாக்சைடில் மின்சாரம் பாய்ச்சி இதைக் கண்டார். 1906இல் வேதியியலாளர் ஓட்டோ டீல்ஸ், மலோனிக் அமிலம் என்ற கரிம அமிலத்தின் வகைச் சேர்மங்களிலிருந்து எடுத்தார். மலோனிக் அமிலத்திலிருந்து இரண்டு நீர் மூலக்கூறுகளைப் பிடுங்கினால் கிடைப்பது இதுதான். நீர் பட்டால் திரும்ப அதே அமிலம்.

நிறமற்ற, மூக்கைத் துளைக்கும் வாயு இது. ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்துப் பனிக்கட்டியில் வைத்து, சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்வித்தால் திரவம். அந்தக் குழாயைப் பனிக்கட்டியிலிருந்து எடுத்து அறை வெப்பத்தில் வைத்தால், நாள்போக்கில் உள்ளே மஞ்சள் படியும், அப்புறம் சிவப்பு. நன்றாகச் சூடாக்கினால் கறுப்பை நோக்கிப் போகும்.

இது பலபடியாதல், இலங்கை வழக்கில் பல்பகுதியமாதல்: சிறு மூலக்கூறுகள் பல கோத்து நீண்ட சங்கிலியாவது. ஆங்கிலத்தில் ‘பாலிமர்’; கிரேக்கத்தில் ‘பாலி’ பல, ‘மெரோஸ்’ பகுதி. 1830களில் சுவீடன் வேதியியலாளர் பெர்சிலியஸ் இந்தச் சொல்லைப் படைத்தபோது நீண்ட சங்கிலியை நினைக்கவில்லை. தனிமங்களின் விகிதம் அதே, மூலக்கூறு மட்டும் பெரிது. அவ்வளவே அவர் சொன்ன பொருள். குறையாக்சைடு அந்தப் பழைய பொருளுக்கும் அச்சாகப் பொருந்துகிறது. எதுவும் வெளியேறுவதில்லை, எதுவும் சேர்வதுமில்லை. இரட்டைப் பிணைப்புகள் திறந்து, ஆக்சிஜனையும் உள்ளடக்கிய ஆறணு வளையங்களாகக் கோத்துக்கொள்கின்றன. அப்போது வெப்பமும் வெளிவருகிறது. ஒன்றுவிட்டு ஒன்றாக நீளும் இரட்டைப் பிணைப்புகள் ஒளியை உறிஞ்சுவதால்தான் அந்த நிறம்.

செவ்வாய்க் கோளின் சிவப்பே இந்தப் பலபடிதானோ என்று 1960களின் இறுதியில் கேட்டவர்கள் உண்டு. 1976இல் நாசாவின் வைக்கிங் கலங்கள் இறங்கி மண்ணைச் சோதித்தபோது அங்கே இருந்தது இரும்பு மிகுந்த மண். அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடின் சிவப்பு.