உச்சியில் ஓட்டை, ஆனாலும் விழாத கூரை

ரோம் நகரைச் சுற்றிப் பார்த்து வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாந்தியன் கூரையின் நடுவில் அவ்வளவு பெரிய ஓட்டை. கம்பி கட்டாத கான்கிரீட் வேறு. இன்னும் எப்படி விழாமல் நிற்கிறது?"

பாந்தியன் ஒரு பழைய ரோமானியக் கோயில். பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் கட்டி முடித்தது அது. குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர். கம்பியில்லாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றைக்கும் இதுதான் உலகிலேயே பெரியது. எடையைக் குறைத்த விதம் பலருக்குத் தெரிந்திருக்கும்: கீழே கனமான ஜல்லி, மேலே போகப் போக லேசானது, உச்சியில் எரிமலை நுரைக்கல். தடிமனும் அடியில் 6 மீட்டருக்கு மேல், ஓட்டையருகே 1.2 மீட்டர்தான்.

சரி, ஓட்டைக்கு வருவோம். குவிமாடம் தன் எடையால் அமிழப் பார்க்கும்போது, மேல்பகுதி உள்ளே சுருங்கும், கீழ்ப்பகுதி வெளியே விரியும். அதனால் மேல் வளையங்களில் அமுக்கு விசை, கீழ் வளையங்களில் இழுவிசை. கான்கிரீட் அமுக்கத்தை எவ்வளவோ தாங்கும். இழுத்தால் விரிசல் விட்டுவிடும். ஏறக்குறைய 9 மீட்டர் அகலமுள்ள ஓட்டையின் விளிம்பைச் செங்கல் வளையமாகக் கட்டியிருக்கிறார்கள். சுற்றிலுமிருந்து கூரை நெருக்க நெருக்க, அந்தச் செங்கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்கின்றன. நடுவில் கல் தேவையே இல்லை, இருந்தால் வீண் பாரம். எவ்வளவு அழகான தீர்வு!

அப்படியானால் கீழ்ப்பகுதி? அங்கே உண்மையிலேயே விரிசல் விட்டிருக்கிறது. அடியிலிருந்து மேல்நோக்கி ஓடும் அந்த விரிசல்களை 1930-களில் ஆய்வு செய்து பதிந்தார்கள். அவை குவிமாடத்தின் கீழ்ப்பகுதியை ஆரஞ்சுச் சுளைகளாகப் பிரித்துவிட்டன. எதிரெதிர்ச் சுளைகள் உச்சி வளையத்தின் வழியே ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து, வளைவுகளாக நிற்கின்றன. அவை வெளியே தள்ளும் விசையைத் தடித்த சுவர் தாங்கிக்கொள்கிறது. வெளிப்புறம் அடியில் படிப்படியாகத் தெரியும் கான்கிரீட் வளையங்கள் அழகுக்காக வைத்தவை அல்ல. அவற்றின் எடை, வளைவதால் எழும் இழுவிசையைக் குறைக்கிறது. ராபர்ட் மார்க், பால் ஹட்சின்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986-ல் கணினி மாதிரியில் இதைக் காட்டினார்கள். 1930-களில் யாரோ பொறுமையாக விரிசல்களைக் குறித்து வைத்ததால் அந்த மாதிரியை உண்மையோடு ஒப்பிட முடிந்தது. பழைய கட்டடங்களை வெறுமனே அளந்து வைக்கும் வேலைக்கும் அரசுகள் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், உள்ளிருந்து எழும் சூடான காற்று மழையைத் தடுத்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. நம்ப வேண்டாம். மழை பெய்தால் தரை நனையும். நடுவில் சற்றே மேடான தரையிலிருந்து தண்ணீர் வழிந்து, சிறு துளைகள் வழியே வடிகாலுக்குப் போய்விடும்.