டிஸ்க் கோல்ஃப் பை: எதை எடுத்துப் போவது, எதை வீட்டில் விட்டுவிடுவது

டிஸ்க் கோல்ஃப் என்பது பறக்கும் தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் குறைந்த வீச்சுகளில் போடும் ஆட்டம். புதிதாக ஆட வருபவர்களின் பையைத் திறந்தால் பெரும்பாலும் முதலில் கையில் சிக்குவது ஸ்பீட் 12, 13 என்று அச்சிட்ட டிரைவர், அதாவது தூரம் எறிவதற்கான டிஸ்க்தான். அகன்ற விளிம்பு, பளபளக்கும் பிளாஸ்டிக், பார்த்தாலே வெகுதூரம் பறக்கும் என்று தோன்றும். எறிந்தால் நாற்பது, ஐம்பது மீட்டரில் இடப்பக்கம் வெட்டித் தரையில் விழும். பலம் போதவில்லை என்று நினைத்து அடுத்த முறை இன்னும் முறுக்கி எறிவார்கள். அப்போது டிஸ்க்கின் முன்விளிம்பு மேல்நோக்கித் தூக்கும், முன்னைவிடச் சீக்கிரம் விழும். இப்படியே ஒரு மாதம் போனால் தோளும் முழங்கையும் வலிக்க ஆரம்பிக்கும். எறியும் முறையில் குறை இருக்கலாம். ஆனால் பாதிக் கோளாறு பையிலேயே தொடங்கிவிடுகிறது.

கோல்ஃபில் 14 மட்டைகளுக்கு மேல் எடுத்துப் போக முடியாது. டிஸ்க் கோல்ஃபில் அப்படி ஒரு வரம்பே இல்லை. அதனால்தான் ஆட்டம் பழகுவதற்கு முன்பே பையில் இருபது டிஸ்க் சேர்ந்துவிடுகிறது. ஒன்று 175 கிராம் என்றால் இருபதுக்கு மூன்றரைக் கிலோ, தண்ணீர் பாட்டில் தனி. எடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முதல் வீச்சை எறியும் இடமான டீ பேடில் நின்று எதை எடுப்பது என்று தடுமாறுவதுதான் உண்மையான நஷ்டம். உங்கள் முறை வந்து, எறிவதற்கு இடையூறு எதுவும் இல்லை என்றால் விதிப்படி உங்களுக்கு இருப்பது 30 விநாடி. அதில் ஏழு டிரைவர்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு அரைமனதோடு எறியும் வீச்சு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

தொடங்குபவருக்கு ஐந்தாறு டிஸ்க் போதும். ஓரிரு வருடம் ஆடியவருக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு. அதற்கு மேல் வைப்பவர்கள் ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டவுடன் பதில் சொல்லத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

நான்கு எண்களைப் படிக்கும் விதம்

டிஸ்க்கின் மேல் ஸ்பீட், கிளைட், டர்ன், ஃபேட் என்று நான்கு எண்கள் வரிசையாக இருக்கும். ஸ்பீட் என்றால் டிஸ்க் தானாக வேகமாகப் போகும் என்று பொருளல்ல. அந்த டிஸ்க் தன் இயல்புப்படி பறக்க உங்கள் கை எவ்வளவு வேகம் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் அது குறிக்கிறது. கிளைட் என்பது காற்றில் மிதக்கும் தன்மை. டர்ன் என்பது வேகம் அதிகமாக இருக்கும் முதல் பகுதியில் எந்த அளவு வலப்பக்கம் சாயும் என்பது. எண் மைனஸில் போகப்போக அதிகம் சாயும். ஃபேட் என்பது வேகம் குறைந்த கடைசிப் பகுதியில் எந்த அளவு இடப்பக்கம் திரும்பும் என்பது. இங்கே சொல்லும் இடமும் வலமும் வலக்கையால் பேக்ஹேண்ட், அதாவது கையை உடலுக்குக் குறுக்கே இழுத்து, எறிபவருக்கு. உள்ளங்கை முன்னோக்கி இருக்க எறியும் வலக்கை ஃபோர்ஹேண்டுக்கும் இடக்கை பேக்ஹேண்டுக்கும் அப்படியே தலைகீழாக்கிக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி இரண்டு பக்கமும் போகிறது? வேகமாகப் போகும்போது காற்றின் தூக்குவிசை டிஸ்க்கின் மையத்துக்குச் சற்றுப் பின்னால் வந்து முன்விளிம்பைக் கீழே அழுத்தப் பார்க்கிறது. வேகம் குறைந்ததும் அந்த விசை மையத்துக்கு முன்னால் நகர்ந்து முன்விளிம்பைத் தூக்கப் பார்க்கிறது. டிஸ்க் சுழன்றுகொண்டிருப்பதால் இந்த அழுத்தமும் தூக்கலும் முன்பின்னாகத் தெரியாமல், பக்கவாட்டுச் சாய்வாக வெளிப்படுகின்றன. ஆகவே தேவையான வேகம் கிடைக்காத டிஸ்க் டர்ன் கட்டத்துக்கே போகாது. கையை விட்டதுமே ஃபேட் தொடங்கிவிடும்.

ஒரு உதாரணம். இன்னோவா நிறுவனத்தின் ஃபயர்பேர்ட் 9, 3, 0, 4. டெஸ்ட்ராயர் 12, 5, -1, 3. காகிதத்தில் இரண்டும் வேறு வேறு டிஸ்க். அறுபது மீட்டர் எறியும் ஒருவர் கையில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும்: கொஞ்ச தூரம் நேராகப் போய் இடப்பக்கம் பலமாக வெட்டி விழும். அதே கையில் 6, 5, -2, 1 என்ற லெப்பர்டைக் கொடுத்தால் ஏறக்குறைய நேராகப் பறந்து, அவை இரண்டையும் தாண்டிப் போய் விழவும் கூடும்.

இந்த எண்களை நிறுவனங்கள் தாங்களே போட்டுக்கொள்கின்றன. பிடிஜிஏ என்ற தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம் ஒரு டிஸ்க்கை அங்கீகரிக்கும்போது விட்டம், எடை, விளிம்பின் அகலமும் ஆழமும், வளையும் தன்மை போன்றவற்றைத்தான் சோதிக்கிறது. எப்படிப் பறக்கும் என்பதற்குச் சான்று தருவதில்லை. ஒரு நிறுவனத்தின் -1 இன்னொன்றின் -2 ஆக இருக்கலாம். ஒரே அச்சில் வந்த டிஸ்க்கே பிளாஸ்டிக்கைப் பொறுத்தும் தயாரித்த தொகுதியைப் பொறுத்தும் மாறும். எண்ணைப் பார்த்துத் தேடலைத் தொடங்கலாம், முடிவை மைதானத்தில் எறிந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் உங்கள் கையை அளங்கள்

வாங்கப் போவதற்கு முன் காலி மைதானத்தில் ஒரு மிட்ரேஞ்ச், அதாவது நடுத்தர தூரத்துக்கான டிஸ்க்கைக் குறைந்தது பத்து முறை எறிந்து, விழும் இடத்தைக் காலடியாலோ செல்போனாலோ அளந்து பாருங்கள். மிக நல்ல ஒரு வீச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வழக்கமாக எங்கே விழுகிறதோ அதுதான் உங்கள் தூரம். தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: மிட்ரேஞ்ச் அறுபது மீட்டரைத் தொடவில்லை என்றால் கூடைக்கு அருகிலிருந்து போடும் பட்டர், மிட்ரேஞ்ச், ஸ்பீட் 6 அல்லது 7 ஃபேர்வே டிரைவர், இதற்கு மேல் வேண்டாம். ஃபேர்வே டிரைவர் தொண்ணூறு மீட்டர் நேராகப் போனால் ஸ்பீட் 9. நூறு மீட்டரை நிதானமாகத் தாண்டும்போது ஸ்பீட் 11, 12 உள்ள டிஸ்டன்ஸ் டிரைவர் பற்றி யோசிக்கலாம்.

பட்டரில் யாரும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு கூடையையும் முடித்து வைப்பது அதுதான். ஒரே அச்சு, ஒரே பிளாஸ்டிக், ஒரே எடையில் இரண்டோ மூன்றோ வாங்குங்கள். பயிற்சியின்போது திரும்பத் திரும்ப எடுத்து வர நடக்கும் நேரம் மிச்சம், ஒன்று தொலைந்தாலும் கைப்பழக்கம் கெடாது. கூடையில் போடும் பட்டர் விலை குறைந்த அடிப்படை பிளாஸ்டிக்கில் இருப்பது நல்லது. விரலில் நன்றாகப் பிடிபடும், சங்கிலியில் பட்டு வழுக்காமல் நிற்கும். டீ பேடிலிருந்து எறிய இன்னொரு பட்டர் வேண்டும் என்றால் அதை மட்டும் உறுதியான பிரீமியம் பிளாஸ்டிக்கில் எடுங்கள். மரத்தில் நாலு அடி வாங்கியதும் அடிப்படை பிளாஸ்டிக்கின் விளிம்பு நசுங்கிவிடும், பிறகு அது கூடைக்கும் உதவாது. விளிம்பின் அடியில் மணி போன்ற சிறு புடைப்பு உள்ளதா, இல்லாததா என்பது முழுக்கக் கைப்பொருத்தம். கடையில் நின்று பிடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிட்ரேஞ்சில் நேராகப் போகும் ஒன்று கட்டாயம். டிஸ்க்ராஃப்டின் பஸ் 5, 4, -1, 1 என்றும் இன்னோவாவின் மாக்கோ3 5, 5, 0, 0 என்றும் எண் கொண்டவை. இந்த இடத்தில் இரண்டும் நன்றாகப் பொருந்தும், ஏதாவது ஒன்று போதும். எறியும்போது கை தவறினால் நேரான டிஸ்க் அதை அப்படியே காட்டிக்கொடுக்கும். ஓவர்ஸ்டேபிள் டிஸ்க்கோ எப்படி எறிந்தாலும் இடப்பக்கம்தான் போய் விழும் என்பதால் தவறு வெளியே தெரியாது. பழகும் காலத்தில் மிட்ரேஞ்ச் அதிகம் எறிபவர்கள் சீக்கிரம் தேறுவதற்கு இதுதான் காரணம்.

அதன் பிறகு ஒரு ஃபேர்வே டிரைவர், வலப்பக்கம் சாயும் அண்டர்ஸ்டேபிள் டிஸ்க் ஒன்று, எந்தக் காற்றிலும் இடப்பக்கமே போகும் ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் ஒன்று. கடைசியாகச் சொன்னதைத் தொடங்குபவர்கள் பலர் தவிர்க்கிறார்கள், அது தவறு. எதிர்காற்று, மரத்தைச் சுற்றி வெட்ட வேண்டிய இடம், ஃபோர்ஹேண்ட் என எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஃபோர்ஹேண்டில் டிஸ்க் கையை விடும்போது தள்ளாட்டம் அதிகம் இருக்கும். ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் அதைத் தாங்கி நிமிர்ந்துகொள்ளும். அண்டர்ஸ்டேபிள் டிஸ்க் அப்படியே கவிழும்.

ஏற்கெனவே பை நிரம்பி வழிகிறதா? ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: இடப்பக்கம் முடிவது, நேராக முடிவது, வலப்பக்கம் முடிவது. குறுக்கே பட்டர், மிட்ரேஞ்ச், ஃபேர்வே, டிஸ்டன்ஸ். ஒவ்வொரு டிஸ்க்கையும் அதன் எண்ணைப் பார்க்காமல், உங்கள் கையில் அது செய்வதை வைத்துக் கட்டத்தில் எழுதுங்கள். ஒரே கட்டத்தில் இரண்டு விழுந்தால், அவற்றுக்கிடையே பத்து மீட்டராவது வித்தியாசம் இல்லையென்றால், ஒன்று வீட்டுக்குப் போகட்டும். கூடை பட்டர்களுக்கு மட்டும் விலக்கு. பலருடைய தாளில் இடப்பக்க வரிசை பிதுங்கும், வலப்பக்க வரிசை காலியாகக் கிடக்கும். அடுத்து வாங்க வேண்டியது எது என்று அந்தக் காலிக் கட்டமே சொல்லிவிடும்.

எடையும் பிளாஸ்டிக்கும்

அதிகபட்ச எடை ஒரே எண் அல்ல. விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வரை, எப்படி இருந்தாலும் 200 கிராமைத் தாண்டக் கூடாது என்பது பிடிஜிஏ விதி. 21.2 செ.மீ. விட்டமுள்ள டிஸ்க்குக்கு அது 176 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 175, 176 என்ற எண்களை அடிக்கடி பார்ப்பது இதனால்தான். எடை குறைந்தால் அதே கைவலுவில் வேகம் எளிதாகக் கிடைக்கும், டர்ன் கூடும், காற்றுக்கு ஆட்டம் காணும். புதியவர்களுக்கு டிரைவரில் 150 முதல் 165 கிராம் வசதி. சிறுவர்களுக்கு அதற்கும் கீழே. பட்டரும் மிட்ரேஞ்சும் 170ஐ ஒட்டி இருந்தால் காற்றில் தடம் மாறாது. விளிம்பின் அகலமும் முக்கியம், விதி 2.6 செ.மீ. வரை அனுமதிக்கிறது. சின்னக் கைக்கு அவ்வளவு அகலம் பிடிபடாது, பிடி தளர்ந்தால் டிஸ்க் முன்கூட்டியே நழுவும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். டிஸ்க்கைக் கண் மட்டத்தில் பக்கவாட்டில் பிடித்தால் மேல்பகுதி எவ்வளவு குவிந்திருக்கிறது என்று தெரியும். குவிவு அதிகமானால் பொதுவாக மிதப்பும் அதிகம். பிறகு வெளி விளிம்பில் விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த மெல்லிய கோடு தட்டுப்படும். ஒரே மாடலில் அந்தக் கோடு உயரத்தில் உள்ள டிஸ்க் பெரும்பாலும் ஓவர்ஸ்டேபிள் பக்கம் சாயும், தாழ்வாக உள்ளது டர்ன் அதிகம் காட்டும். அந்தக் கோட்டில் பிசிறு விரலைக் கீறினால் நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம், அதை விதி அனுமதிக்கிறது. வடிவமே மாறும் அளவுக்குத் தேய்த்தால் அது சட்டவிரோத டிஸ்க்.

அடிபட்டுத் தேயும் டிஸ்க் மெதுவாக அண்டர்ஸ்டேபிள் ஆகும். அடிப்படை பிளாஸ்டிக்கில் இது சில மாதங்களில் நடக்கும், பிரீமியத்தில் மிகத் தாமதமாக. தேய்ந்ததைத் தூக்கி எறிய அவசரப்படாதீர்கள். நேரான டிஸ்க் தேய்ந்து வலப்பக்கம் சாயத் தொடங்கினால், மேலே சொன்ன தாளில் காலியாக இருந்த கட்டம் செலவில்லாமல் நிரம்பிவிட்டது. அதே மாடலில் புதிது ஒன்று வாங்கிப் பழைய இடத்தில் வையுங்கள். இரண்டும் கையில் ஒரே மாதிரி உட்காரும், பறப்பது மட்டும் வேறு. விரிசல் விட்டதையோ துளை விழுந்ததையோ மட்டும் பையில் வைக்கக் கூடாது. போட்டியில் அதை எறிந்தால் இரண்டு பெனால்ட்டி வீச்சு கணக்கில் சேரும்.

எதிர்காற்றில் டிஸ்க் உணரும் காற்று வேகம் கூடுவதால் டர்ன் அதிகமாகும். ஓவர்ஸ்டேபிளை எடுத்து, தாழ்வாக எறியுங்கள். பின்காற்றில் அது நேர்மாறு: தூக்குவிசை குறைந்து சீக்கிரம் இறங்கும், அண்டர்ஸ்டேபிளும் கிளைட் அதிகமுள்ளதும் உதவும். உயரமான மலைப்பகுதியில் காற்று மெலிந்திருப்பதால் எல்லா டிஸ்க்கும் வழக்கத்தைவிட ஓவர்ஸ்டேபிளாக நடந்துகொள்ளும். குளிரில் பிளாஸ்டிக் விறைத்து விரலில் வழுக்கும். மழைக்கு இரண்டு துண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று நனைந்த பிறகு இன்னொன்று பையின் உள்ளே காய்ந்தபடி இருக்க வேண்டும்.

குளம் உள்ள கோர்ஸுக்குப் போனால் பெரும்பாலான டிஸ்க்குகள் மூழ்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அந்த ஒரு கூடைக்கு, மனசு வலிக்காத பழைய டிஸ்க் ஒன்று பையின் பக்கவாட்டில் இருக்கட்டும். டிஸ்க் கிடக்கும் இடத்தைக் குறிக்கும் மார்க்கராகப் பயன்படும் சிறு டிஸ்க்கான மினியின் விட்டம் 7 முதல் 15 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்; கையில் கிடைத்த பாட்டில் மூடி போட்டியில் செல்லாது. எல்லா டிஸ்க்கின் அடியிலும் அழியாத மையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவிடுங்கள். அடையாளம் இல்லாத டிஸ்க்கைப் போட்டியில் எறிந்தால் முதலில் எச்சரிக்கை, பிறகு பெனால்ட்டி. மையும் சாயமும் சரி. தொட்டால் தடிப்புத் தெரியும் ஸ்டிக்கரை ஒட்டினால் அந்த டிஸ்க்கே செல்லாது. தேட 3 நிமிடம்தான், அதற்குப் பிறகு டிஸ்க் தொலைந்ததாகக் கணக்கு. ஆட்டம் முடிந்து புதரில் தேட வருபவர் யாராக இருந்தாலும், எண் இருந்தால் கூப்பிட்டுச் சொல்வார்.