கொலஸ்ட்ராலைக் கொழுப்பு என்று சொல்லலாமா?

'கொழு' என்னும் வேரிலிருந்து கிளைத்த சொற்கள் தமிழில் பல. கொழுமை என்றால் செழுமை, வளம். கொழுகொழுவென்று வளரும் குழந்தையைக் கண்டு மகிழ்கிறோம். வணிகத்தில் நிறையக் கிடைத்தால் அது கொழுத்த இலாபம். நிறைந்து பெருத்திருப்பதே இந்த வேரின் அடிப்படைப் பொருள். அந்தப் பெருக்கம் அளவு மீறும்போது கொழுப்பு திமிராகிறது; "அவனுக்குக் கொழுப்பு அதிகம்" என்று சொல்லும்போது யாரும் உடலைப் பற்றிப் பேசவில்லை. நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்ற பழமொழியில் உடலின் பெருக்கமும் மனத்தின் செருக்கும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன.

ஏற்கெனவே இவ்வளவு பொருள் தாங்கிய சொல்லின் மேல் நாம் இன்னொன்றையும் ஏற்றிவிட்டோம். இரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் கொலஸ்ட்ராலையும் கொழுப்பு என்றே சொல்கிறோம். "கெட்ட கொழுப்பு", "நல்ல கொழுப்பு" என்று உடல்நலப் பத்திகள் எழுதுகின்றன. உணவில் உள்ள கொழுப்பு, இடுப்பில் படியும் கொழுப்பு, இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் ஆகிய மூன்றும் இப்போது ஒரே பெயரில் உலவுகின்றன. உணவைப் பற்றிப் பரவியிருக்கும் தவறான எண்ணங்களில் சில இந்தப் பெயர்க் குழப்பத்திலிருந்தே வலுப்பெறுகின்றன என்று உறுதியாக நம்புகிறேன்.

கொலஸ்ட்ரால் என்ற பெயர் பித்தப்பையிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டில் பூல்த்தியே தெ லா சால் என்னும் பிரெஞ்சு அறிஞர் பித்தப்பைக் கற்களில் மெழுகு போன்ற ஒரு பொருளைக் கண்டார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை ஆராய்ந்தவர் மிஷேல் ஷெவ்ரல். கொழுப்புகளின் வேதியியலுக்கு அடித்தளம் இட்டவர் அவர். காரத்துடன் சேர்த்துக் காய்ச்சினால் கொழுப்பு சோப்பாக மாறும். இந்தப் பொருள் மாறவில்லை. ஆகவே இது கொழுப்பு அன்று, தனிப்பெயர் வேண்டிய வேறொரு பொருள் என்று முடிவு செய்து, 'கொலஸ்டெரின்' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'கோலே' என்றால் பித்தம். 'ஸ்டெரியோஸ்' என்றால் திண்மம். பின்னாளில் இது வேதியியலில் ஆல்கஹால் எனப்படும் வகையைச் சேர்ந்தது என்று தெரிந்ததும், அந்த வகைக்குரிய 'ஆல்' ஈறு சேர்ந்து கொலஸ்ட்ரால் ஆனது. கொழுப்பு அல்லாதது என்று கண்டதால் பெயர் பெற்ற ஒரு பொருளை நாம் கொழுப்பு என்று மொழிபெயர்த்திருக்கிறோம்.

வேறுபாடு பெயரோடு நிற்பதில்லை. கொழுப்பின் ஒரு மூலக்கூறு, கிளிசரால் ஒன்றோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்தது. உடல் அதை எரித்து ஆற்றல் பெறும்; 1 கிராமுக்கு 9 கிலோகலோரி. கொலஸ்ட்ராலோ ஒன்றோடொன்று ஒட்டிய நான்கு வளையங்களும் ஒரு வாலும் கொண்ட 27 கார்பன் அணுக்களின் அமைப்பு. அந்த வளையங்களை உடைத்து ஆற்றலாக்க நம் உடலால் இயலாது. கொலஸ்ட்ராலிலிருந்து கிடைக்கும் கலோரி பூச்சியம். அது எரிபொருள் அன்று, கட்டுமானப் பொருள். ஒவ்வொரு செல்லின் உறையிலும் அது இருக்கிறது. வைட்டமின் டி, ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன், கார்டிசால், உணவுக் கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்கள் எல்லாம் இதன் வழியில் உருவாகின்றன. உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ கால் பங்கு மூளையில்தான் இருக்கிறது. இதை நஞ்சு போல நினைத்து அஞ்சுகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான்.

"நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன், எனக்கு எங்கே கொழுப்பு?" இந்தக் கேள்வி தமிழில் இவ்வளவு இயல்பாக ஒலிப்பதற்குக் காரணம், உடற்பருமனுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் நாம் ஒரே சொல்லைக் கொடுத்ததுதான். மெலிந்த உடல் கொண்டவருக்கும் கொலஸ்ட்ரால் மிக உயர்ந்திருக்கலாம். சில நூறு பேரில் ஒருவருக்கு மரபணு வழியாகவே பிறவியிலிருந்து அது உயர்ந்திருக்கிறது. இரத்தத்திலிருந்து அதை உள்ளிழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் அவர்களின் கல்லீரலில் போதிய அளவு வேலை செய்வதில்லை. இந்த ஏற்பியைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். கொலஸ்ட்ரால் உயர்வுக்குப் பெரும்பாலும் அறிகுறி எதுவும் இராது. எடை பார்க்கும் கருவியும் இடுப்புச் சுற்றளவும் அதைக் காட்டித்தராது. இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி.

முட்டை உண்டால் கொலஸ்ட்ரால் ஏறும் என்ற அச்சத்தின் கதை இதைவிட நீளமானது. 1913இல் ரஷ்ய அறிஞர் நிகொலாய் அனிச்கோவ் முயல்களுக்குத் தூய கொலஸ்ட்ராலை எண்ணெயில் கலந்து கொடுத்தார். அவற்றின் தமனிகளில் படிவுகள் உண்டாயின. முக்கியமான கண்டுபிடிப்பு அது, ஐயமில்லை. ஆனால் முயல் தாவர உண்ணி. இயல்பான உணவில் கொலஸ்ட்ராலையே பார்க்காத உயிர். மனித உடலில் இருக்கும் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கிறது. உணவில் கூடுதலாக வந்தால் பலருக்கு உள் உற்பத்தி ஓரளவு குறைந்து சரிக்கட்டுகிறது. ஆயினும் 1968இல் அமெரிக்க இதயச் சங்கம் உணவுக் கொலஸ்ட்ரால் நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, முட்டை மஞ்சள் கரு வாரத்துக்கு மூன்றுக்கு மேல் கூடாது என்று அறிவுறுத்தியது. ஒரு மஞ்சள் கருவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கிறது. அந்த 300 என்ற எண், 2015ஆம் ஆண்டுப் பதிப்பாக வந்த அமெரிக்க உணவு வழிகாட்டுதல்களில் நீங்கிவிட்டது. அளவில்லாமல் உண்ணலாம் என்று அந்த வழிகாட்டுதல் சொல்லவில்லை. இரத்தத்தில் கொலஸ்ட்ராலை உயர்த்துவதில் உணவுக் கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புக்கு (நெய், வெண்ணெய் போன்றவற்றில் மிகுந்திருக்கும், பெரும்பாலும் உறையும் வகை) பங்கு அதிகம் என்பதே ஆய்வுகள் காட்டியது. சர்க்கரை நோயோ மரபுவழிக் கொலஸ்ட்ரால் உயர்வோ உள்ளவர்கள் முட்டையின் அளவைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

இங்கேதான் இரண்டு சொற்களையும் பிரித்து வைப்பதன் பயன் தெரிகிறது. நாம் உண்ணும் கொழுப்பு கொலஸ்ட்ராலாக உருமாறி இரத்தத்தில் நிற்பதில்லை. நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால், மேலே சொன்ன கல்லீரல் ஏற்பிகளின் வேலை குறைகிறது. இரத்தத்திலிருந்து அகற்றப்பட வேண்டிய கொலஸ்ட்ரால் அங்கேயே தங்குகிறது. எண்ணெய்ப் புட்டியில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு அமைதியடைவதும் இந்தப் புரிதல் இல்லாததால்தான். தாவர எண்ணெய் எதிலுமே சொல்லத்தக்க அளவு கொலஸ்ட்ரால் கிடையாது. அது அந்த நிறுவனத்தின் சாதனை அன்று. தேங்காய் எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இல்லை. ஆனால் அதன் கொழுப்பு அமிலங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்றவை. பாமாயிலில் ஏறத்தாழ பாதி. புட்டியைத் திருப்பி, நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு, டிரான்ஸ் கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். டிரான்ஸ் கொழுப்பு, "கெட்ட" கொலஸ்ட்ரால் எனப்படுவதைக் கூட்டி, "நல்ல" கொலஸ்ட்ரால் எனப்படுவதைக் குறைத்து, இரண்டு பக்கமும் கெடுக்கும். ஆலைகளில் உருவாகும் அந்த வகையை உணவிலிருந்தே ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறைகூவல் விடுத்தது. அதே நேரம், கொழுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் எல்லா எண்ணெயையும் ஒதுக்குவதும் தவறு. நிறைவுறாக் கொழுப்புகள், நிறைவுற்றவற்றின் இடத்தில் வரும்போது, கொலஸ்ட்ராலைக் குறைக்கின்றன.

"நல்ல", "கெட்ட" என்னும் அடைமொழிகளுக்கு வருவோம். கொலஸ்ட்ராலில் நல்லது கெட்டது என்று இரண்டு வகை கிடையாது, மூலக்கூறு ஒன்றே. அது நீரில் கரையாது என்பதால், புரதமும் கொழுப்பும் சேர்ந்த துகள்கள் படகுகள் போல அதை இரத்தத்தில் சுமந்து செல்கின்றன. அடர்த்தி குறைந்த துகள் எல்.டி.எல்.; மிகுந்தது எச்.டி.எல். தமனிச் சுவரில் புகுந்து படிவது பெரிதும் முதல் வகை. இரண்டாவது வகை மிச்சத்தைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுசெல்கிறது. அதனால் "நல்லது" கூடினால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். எச்.டி.எல். அளவை உயர்த்திய ஒரு மருந்தின் பெரிய ஆய்வு, உயிரிழப்புகள் கூடியதால் 2006இல் நிறுத்தப்பட்டது. எச்.டி.எல். உயர்ந்திருக்கிறது என்பதற்காக உயர்ந்த எல்.டி.எல். அளவைப் பொருட்படுத்தாமல் விடக் கூடாது.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? கொழுப்பு, கொலஸ்ட்ரால், மெழுகு எல்லாவற்றையும் அடக்கும் பெருவகைக்குக் கொழுமியம் என்ற கலைச்சொல் புழங்குகிறது. நல்ல சொல், 'கொழு' வேரையும் காக்கிறது, கொழுப்போடு மோதவும் இல்லை. கொலஸ்ட்ராலை மூலச்சொல்லின்படி பித்தத் திண்மம் என்று பெயர்த்தால் படிப்பவர் பித்தநோய் என்று எண்ணக்கூடும். பித்தக் கொழுமியம் என்பது பிறப்பையும் வகையையும் ஒருங்கே சொல்லும். என் பரிந்துரை அதுதான். அது வழக்கில் ஊன்றும் வரை கொலஸ்ட்ரால் என்றே எழுதுவோம். பொருளைக் குழப்பும் தமிழ்ச் சொல்லைவிடப் பொருள் தெளிந்த கடன்சொல் மேல். எல்.டி.எல்., எச்.டி.எல். இரண்டையும் குறை அடர்த்திக் கொழுமியப்புரதம், மிகை அடர்த்திக் கொழுமியப்புரதம் எனலாம். நீளம்தான், ஆனால் பிழையில்லை.

இரத்தக் கொழுப்பு என்ற சொல்லை வீணாக்க வேண்டியதில்லை. பரிசோதனைத் தாளில் டிரைகிளிசரைடு என்று ஒரு வரி இருக்கிறதே, உண்மையான இரத்தக் கொழுப்பு அதுவே, வேதியியலில் முக்கிளிசரைடு. பலரும் கடந்துபோகும் வரி அது. எண்ணெயை அறவே தவிர்த்தும் அந்த எண் இறங்கவில்லையே என்று வருந்துகிறவர்கள் உண்டு. தேவைக்கு மேல் வரும் சர்க்கரையையும் தீட்டிய மாவுச்சத்தையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி இரத்தத்தில் அனுப்புகிறது. மதுவும் அதைக் கூட்டும். அந்த எண் உயர்ந்திருந்தால் எண்ணெய்ப் புட்டியை மட்டும் குறை சொல்லாமல், இனிப்புப் பானங்களையும் மதுவையும் முதலில் குறைத்துப் பார்க்க வேண்டும்.