கேஸ் மாத்திரை கிட்னியைக் காப்பாற்றாது

"அண்ணாச்சி, முட்டுவலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க." மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடித் தட்டை மடியில் வைத்துப் பகல் முழுக்கக் குனிந்திருக்கும் பெண்களும், நடவு முடித்து வரப்பேறுகிறவர்களும் மெடிக்கலில் கேட்பது இதைத்தான். சீட்டு கிடையாது. அட்டையில் கத்தரித்த துண்டு ஒன்று, கூடவே ஒரு கேஸ் மாத்திரை. மாசக்கணக்கில் இப்படியே ஓடும். கால் வீங்கி, கிட்னி பழுதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் நாலைத் தாண்டிய பிறகு வந்து, "கேஸ் மாத்திரையும் சேத்துத்தானே போட்டேன்?" என்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

கேஸ் மாத்திரை என்று தரும் பான்டோபிரசோலும் ஒமிப்ரசோலும் வயிற்றில் அமிலச் சுரப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் புண் வரும் வாய்ப்பு அதனால் குறையும், அறவே போகாது. அதற்குக் கீழே உள்ள குடலுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. கிட்னிக்கோ அமிலத்தோடு பேச்சே கிடையாது. வலி மாத்திரைகளான டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் கிட்னிக்குள் ரத்தம் நுழையும் குழாயைச் சுருங்கவிடுபவை. வயிறு நிறைய இட்லி தின்றுவிட்டுப் போட்டாலும் அதேதான். "ஊசின்னா வயித்துக்குப் போகாதுல்லா?" ஊசி மருந்தும் ரத்தத்தில்தான் கலக்கிறது, ஊசியிலும் அல்சர் வரும்.

சித்திரை வெயிலில் பனையேறுகிறவர், சூளையில் நிற்கிறவர் உடம்பில் நீர் வற்றிக் கிடக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். பிரஷருக்கு டெல்மிசார்ட்டானோ எனலாப்ரிலோ சாப்பிட்டு, அதோடு நீர் பிரியும் மாத்திரையும் இருந்தால், மூன்றாவதாக வலி மாத்திரையைச் சேர்க்கவே கூடாது. பிரஷர் மாத்திரையின் பெயர் 'ஹெச்' என்று முடிந்தால் பெரும்பாலும் நீர் பிரியும் மருந்து அதற்குள்ளேயே இருக்கும். பாருங்கள்.

அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள். அசிக்ளோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325 கலந்த மாத்திரையை விழுங்கிவிட்டு, வலி போகவில்லை என்று டைக்ளோஃபெனாக்கையும், காய்ச்சலுக்குத் தனியாகப் பாராசிட்டமாலையும் போட்டால் கணக்கு எங்கே போகும்? காகிதத்தில் மடித்துத் தரும் பொட்டலத்தில் பெயர் தெரியாத குட்டி மாத்திரை இருந்தால் வாங்காதீர்கள். அது பல நேரம் ஸ்டீராய்டு. வலி மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றுப்புண் ஆபத்து பல மடங்காகும்.

சாதாரண வலிக்கு முதலில் பாராசிட்டமால் 500, ஆறு மணி நேர இடைவெளியில். குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ இருந்தால் அதையும் டாக்டரிடம் கேட்டுத்தான். முட்டுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாம். ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம். டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையே வேண்டியிருந்தால் குறைந்த அளவு, குறைந்த நாள். காய்ச்சலா? டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். நிமெசுலைடு என்ற வலி மாத்திரை 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 2011 முதல் தடை. வீட்டில் மிச்சம் கிடக்கிறதே என்று உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், ஐந்து மாதம் ஆன கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் இந்த வலி மாத்திரைகளைத் தொடவே வேண்டாம்.

மலம் தார் மாதிரி கறுத்தாலோ (இரும்புச்சத்து மாத்திரையிலும் கறுக்கும், அதையும் சொல்லுங்கள்), சிறுநீர் குறைந்தாலோ, முகமோ காலோ வீங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். வரும்போது அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். "மஞ்சக் கலர் மாத்திரை" என்றால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது.