டெஸ்டோஸ்டிரோன் இல்லாமலும் வளரும் தசை

முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கான சிகிச்சை, சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டிய ஓர் உண்மையின் மேல்தான் இன்றும் நிற்கிறது: ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தினால் கட்டி சுருங்கும். அன்று விரைகளை அறுவை செய்து நீக்கினார்கள். இன்று பெரும்பாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியே போதும். அது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து விரைகளுக்குப் போகும் கட்டளையைத் துண்டித்துவிடுகிறது. சில வாரங்களில் டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய அடிமட்டத்துக்கு வந்துவிடும். பல ஆண்கள் இந்த ஊசியால் ஆண்டுக்கணக்கில் உயிர் வாழ்கிறார்கள். எப்படி வாழ்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

டெஸ்டோஸ்டிரோன் கட்டிக்கு மட்டும் தீனி போடவில்லை. தசைக்குப் புரதம் சேர்ப்பது, எலும்பின் அடர்த்தியைக் காப்பது, ரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுவது என எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஊசி தொடங்கிய ஆண்களை 48 வாரங்கள் கவனித்தது. உடலின் கொழுப்பு விகிதம் 9.4 சதவீதம் உயர்ந்திருந்தது; தசை உள்ளிட்ட கொழுப்பற்ற திசு 2.7 சதவீதம் குறைந்திருந்தது. இவற்றோடு இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதும் சேர்ந்துகொள்ளும். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவருக்கு இது இரட்டைச் சுமை.

2.7 சதவீதம் சிறிய எண் போலத்தான் தெரிகிறது. ஆனால் எழுபது வயது உடலில் ஏற்கெனவே கையிருப்பு குறைவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்காலியிலிருந்து எழ, கால் தசைகளின் முழு வலுவில் பாதி தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தசை மெலிந்து அந்த முழு வலுவே குறைந்தால், அதேபோல எழுந்திருக்க முக்கால் பங்கு தேவைப்படும். வேலை மாறவில்லை, அதற்குச் செலவாகும் பங்குதான் கூடிவிட்டது. படியேறுதல், தரையில் அமர்ந்து எழுந்திருத்தல், குந்திக் கழிப்பறையைப் பயன்படுத்துதல் என்று ஒரு நாளின் சாதாரண அசைவுகள் எல்லாமே உச்சபட்ச உழைப்பை நோக்கி நகர்கின்றன. ரத்தசோகையும் தூக்கமின்மையும் நோயின் அழற்சியும் இதோடு கூடும்போது வருவதுதான் நோயாளிகள் சொல்லும் அந்தச் சோர்வு. இரவு முழுக்கத் தூங்கினாலும் அது போவதில்லை.

இங்கேதான் நம் வீடுகளின் அன்பான அறிவுரை தடம் மாறுகிறது. "உடம்பை அலட்டிக்கொள்ளாமல் படுத்திருங்கள்" என்கிறோம். படுத்திருக்கும் தசை மேலும் மெலியும். மெலிந்த தசைக்கு அடுத்த நாள் நாற்காலி இன்னும் கனமாகும்.

சரி, ஹார்மோனே இல்லாத உடலில் தசை வளருமா? வளரும். தசை நாருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஒரு கட்டளை. எடையின் இழுவிசை இன்னொரு கட்டளை. எடையைத் தூக்கும்போது நாருக்குள் எழும் இழுவிசையை உயிரணு உணர்ந்து, புரத உற்பத்தியைத் தானாகவே முடுக்கிவிடுகிறது. ஹார்மோனின் வழி அடைபட்டிருந்தாலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள எடித் கோவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் கல்வாவோ குழுவினர், ஹார்மோன் சிகிச்சையில் இருந்த பத்து ஆண்களுக்கு 20 வாரங்கள் எடைப் பயிற்சி அளித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். காலால் எடை தள்ளும் வலு ஏறக்குறைய இரட்டிப்பானது. டெஸ்டோஸ்டிரோனும், புராஸ்டேட் புற்றுநோயின் போக்கைக் காட்டும் ரத்தப் புரதமான பி.எஸ்.ஏ.வின் அளவும் மாறவில்லை. பலர் தயங்கிக் கேட்கும் கேள்விக்கு, அதாவது பயிற்சி செய்தால் ஹார்மோன் கூடிப் புற்றுநோய்க்குத் தீனியாகிவிடுமோ என்ற அச்சத்துக்கு, இதுவே பதில். சுரக்கும் வழியையே ஊசி மூடியிருக்கும்போது, எடை தூக்கி அதைத் திறக்க முடியாது.

பத்துப் பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அதற்கு முன்பே, 2003-இல், கனடாவில் 155 ஆண்களிடம் ஒரு பெரிய சோதனை நடந்திருந்தது. ஒரு பிரிவினர் வாரம் மூன்று முறை, 12 வாரங்கள் எடைப் பயிற்சி செய்தார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள். பயிற்சி செய்தவர்களின் சோர்வு குறைந்தது, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. நோயைக் குணமாக்கும் நோக்கில் சிகிச்சை பெற்றவர்களுக்கு மட்டுமல்ல, குணமாகாது என்று தெரிந்து தணிப்புச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இந்தப் பலன் கிடைத்தது.

அடுத்த தடை எலும்பு. புராஸ்டேட் புற்றுநோய் பரவும்போது முதுகுத்தண்டு, இடுப்பெலும்பு, விலா, தொடை எலும்பின் மேற்பகுதி ஆகியவற்றையே அதிகம் நாடும். பரவிய இடத்தில் புதிய எலும்பு தாறுமாறாகக் குவிகிறது. எக்ஸ்ரேயில் அந்த இடம் வெள்ளையாக, தடிமனாகத் தெரிந்தாலும், நீர் ஊற்றி ஆறவிடாத சிமெண்ட் பூச்சைப் போல உள்ளே பலவீனமானது. எலும்பு முறிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மருத்துவர்கள் நெடுங்காலம் இவர்களைப் பயிற்சியிலிருந்து விலக்கியே வைத்திருந்தார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

பெர்த் குழு செய்தது எளிமையான, ஆனால் கெட்டிக்காரத்தனமான வேலை. ஒவ்வொருவரின் ஸ்கேனையும் பார்த்து, நோய் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற தசைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இடுப்பெலும்பில் பரவியிருந்தால் இடுப்பு மூட்டை மடக்கி நீட்டும் எடைப் பயிற்சி இல்லை. முழங்காலை நீட்டி மடக்கலாம், கைகளுக்கு முழுப் பயிற்சி உண்டு, நடைக்குப் பதில் சைக்கிள். விலாவிலோ மேல்முதுகிலோ இருந்தால் தோள் அசைவுகளைத் தவிர்த்துக் கால்களுக்கு வேலை. கீழ்முதுகில் இருந்தால் முதுகை வளைக்கும் பயிற்சி எதுவும் கிடையாது.

2018-இல் வெளியான அவர்களின் சோதனையில், எலும்பில் நோய் பரவிய 57 ஆண்கள் பங்கேற்றார்கள். சராசரி வயது 70. மூன்று மாத முடிவில் பயிற்சிப் பிரிவினரின் கால் வலு கூடியிருந்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் மேம்பட்டதாக அவர்களே சொன்னார்கள். பயிற்சியால் ஒருவருக்கும் எலும்பு முறியவில்லை. எலும்பு வலியும் கூடவில்லை. ஆனால் சோர்வில் இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு இல்லை. தசையின் எடையும் கூடவில்லை. எந்தக் கட்டத்திலும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல இந்த ஆய்வு இடம் தராது. என் பார்வையில், அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கால் வலுவைத்தான். நாற்காலியிலிருந்து துணையின்றி எழுவதற்கு அதுவே வேண்டும்.

டென்மார்க்கில் இன்னும் துணிச்சலாக, ஹார்மோன் சிகிச்சையில் இருந்த ஆண்களைக் கால்பந்து ஆட வைத்தார்கள். 2014-இல் வெளியான முடிவின்படி 12 வாரங்களில் அவர்களுக்குத் தசை கூடியது. சிலருக்குக் கெண்டைக்கால் எலும்பும் முறிந்தது. மனிதர்கள் மருந்தைக் காட்டிலும் ஆட்டத்தை விரும்பி வருவார்கள் என்பது உண்மைதான். அதற்காக எலும்பில் நோய் பரவியவரை நேராக மைதானத்துக்கு அனுப்ப நான் துணிய மாட்டேன்.

பயிற்சி ஆயுளை நீட்டுமா? பெர்த்தில் முற்றிய நோயுள்ள ஒன்பது பேர் சுமார் 34 நிமிடம் தீவிரப் பயிற்சி செய்த பின் அவர்களின் ரத்தநீரை எடுத்து, கண்ணாடித் தட்டில் வளரும் புராஸ்டேட் புற்றணுக்கள் மேல் ஊற்றினார்கள். வளர்ச்சி மந்தமானது. வேலை செய்யும் தசை, மயோகைன் எனப்படும் புரதங்களை ரத்தத்தில் விடுகிறது. அவற்றின் வேலையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். சுவையான சேதி, ஆனால் கண்ணாடித் தட்டு மனித உடல் அல்ல. இதை வைத்து ஆயுளுக்கு உத்தரவாதம் தருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

தொடங்க நினைப்பவர் முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் ஸ்கேன் முடிவைக் காட்டி, எந்த எலும்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அந்தத் தாளோடு பிசியோதெரபிஸ்டிடம் போக வேண்டும். புதிதாக முதுகுவலி கூடினாலோ, கால்கள் மரத்துப்போனாலோ, பலவீனமானாலோ, சிறுநீர், மலக் கட்டுப்பாடு தவறினாலோ அது பயிற்சி வலி அல்ல. முதுகுத்தண்டு நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிசியோதெரபிஸ்டிடம் ஏன் தொடர்ந்து போக வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த சோதனை காரணம் தருகிறது. முற்றிய நோயுள்ள நூறு ஆண்களிடம் 12 வாரத்தில் தெரிந்த வாழ்க்கைத் தர முன்னேற்றம், மேற்பார்வை நின்ற பின் ஆறாவது மாதத்தில் தங்கவில்லை. சோர்வு குறைந்தது மட்டும் நீடித்தது. ஹார்மோன் சிகிச்சை தொடங்கும் ஆண்களுக்கு வாரம் இரண்டு முறையாவது, 12 வாரங்களுக்கு, மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி வழங்க வேண்டும் என்று அந்நாட்டின் மருத்துவ வழிகாட்டி 2014 முதல் சொல்லிவருகிறது. பதின்மூன்றாவது வாரத்தில் அவர்கள் யாரிடம் போவது என்பதற்கு அந்தப் பரிந்துரையில் பதில் இல்லை.