இன்ஹேலரை நிறுத்தச் சொன்னது யார்?

"இருமல் நின்றுவிட்டது, அதனால் இன்ஹேலரை நாங்களே நிறுத்திவிட்டோம் டாக்டர்." குழந்தைகளின் ஆஸ்துமா போன்ற மூச்சுப் பிரச்சினையைப் பார்க்கும் எந்த மருத்துவரைக் கேட்டாலும், அடிக்கடி காதில் விழும் பேச்சு இதுதான் என்பார். இந்த வாரமும் அப்படி ஒரு நான்கு வயதுச் சிறுமி. நன்றாக ஓடியாடிக்கொண்டு, இரவு இருமாமல் தூங்கிக்கொண்டு இருந்தவள். "பழகிவிடும்" என்று உறவினர் யாரோ சொல்ல, மருந்து நின்றது. அடுத்து ஒரு சாதாரணச் சளி பிடித்தபோது ஆக்சிஜன் வைக்க வேண்டிய நிலையில் வந்து சேர்ந்தாள். பெற்றோர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அக்கறையில்தான் அப்படிச் செய்தார்கள். கோபமெல்லாம் அந்த அறிவுரையின்மேல்.

இன்ஹேலர் பழகாது. அடிமையாக்கும் பொருள் என்றால் மனம் அதைத் தேடும், நாளாக ஆக அளவு கூடிக்கொண்டே போகும். தினசரி இன்ஹேலரில் இரண்டும் இல்லை. நிறுத்தியதும் இளைப்பு திரும்புகிறதா? மூச்சுக்குழாயில் அழற்சி இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தம். கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்குகிறது என்பதற்காகக் கண் கண்ணாடிக்கு அடிமையாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்தது, "இன்ஹேலர் ரொம்ப பவர், சிரப்பே போதும்" என்பது. ஒரே மருந்தை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். சால்பியூட்டமால் என்பது திணறலை உடனே தணிக்கும் நிவாரண மருந்து. அதன் சிரப் 5 மில்லியில் வழக்கமாக 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்ஹேலரில் ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம். அதாவது அந்த 5 மில்லி சிரப், இன்ஹேலரை 20 தடவை அழுத்துவதற்குச் சமம்! அதுவும் வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கடைசியில்தான் நுரையீரலுக்கு வருகிறது. கை நடுக்கமும் படபடப்பும் சிரப்பில் அதிகமாக வருவது இதனால்தான்.

சரி, ஸ்டீராய்டு? தினசரித் தடுப்பு இன்ஹேலரில் இருப்பது ஸ்டீராய்டுதான், மிகக் குறைந்த அளவில். சில ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த குழந்தைகள் பெரியவர்களானபோது, சராசரியாக ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரம் குறைந்திருந்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த இன்ஹேலருக்குப் பயந்து ஒதுங்கும் குழந்தைகள்தான் திரும்பத் திரும்பத் திணறி, வாய்வழி ஸ்டீராய்டைப் பெரிய அளவில் எடுக்க வேண்டி வருகிறது. எது ஆபத்து என்று நீங்களே சொல்லுங்கள்.

சின்ன வயதில் வீசிங் வரும் எல்லாக் குழந்தைக்கும் ஆஸ்துமா இருக்காது. பலருக்கு ஆறு வயதுக்குள் நின்றும்விடும். உங்கள் குழந்தை அந்த வகையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஆஸ்துமாவாக இருந்தால், மூன்று மாதம்போல நன்றாகக் கட்டுக்குள் இருந்தபின் அவரே அளவைக் குறைத்துக்கொண்டு வருவார்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. நுரையீரலின் திறன் 20, 25 வயது வரைதான் கூடும். அதன்பின் எல்லோருக்கும் மெல்ல இறங்கும். எட்ட வேண்டிய உச்சத்தை எட்டாமலே இறங்கத் தொடங்கினால், நடுவயதிலேயே படியேற மூச்சு வாங்கும். சிஓபிடி என்னும் நாள்பட்ட அடைப்பு நோய் புகைப்பதால் மட்டும் வருவதில்லை. 2015-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இந்த நோய் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நாற்பது வயதுக்கு முன்பே நுரையீரல் திறன் குறைவாக இருந்தது தெரிந்தது.

எந்த வயதுக் குழந்தைக்கும் இன்ஹேலரை ஸ்பேசரோடு, அதாவது இன்ஹேலரின் முனையில் பொருத்தும் குழலோடு கொடுங்கள். சின்னவர்களுக்கு முகமூடி, முகத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். அழும்போது கொடுத்தால் மருந்து உள்ளே போகாது. ஸ்டீராய்டுக்குப் பின் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாயில் பூஞ்சை வரலாம்.

"நான் வெளியில்தானே புகைக்கிறேன்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சட்டையிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டு அது உங்களோடு உள்ளே வருகிறது, அந்தச் சட்டையில்தான் குழந்தை முகம் புதைக்கிறது. விட்டுவிடுங்கள். முடியவில்லை என்றால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது, கேளுங்கள். கதவை மூடிக்கொண்டு கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவதும் புகைதான், வலை கட்டுங்கள்.

தட்டம்மை, கக்குவான், நியூமோகாக்கல், ஃப்ளூ தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் யாருக்காவது காசநோய் என்றால் குழந்தைக்கும் உடனே பரிசோதனை வேண்டும். அப்புறம், சளியோடு வரும் இருமல் நான்கு வாரம் தாண்டினால் இருமல் சிரப்பை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். கவனிக்காமல் விட்ட அந்த இருமலில் சில, மூச்சுக்குழாயை நிரந்தரமாகத் தளர்த்தி விரித்துவிடுகின்றன.

மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலே அன்றே காட்டுங்கள். விலா இடுக்கு உள்வாங்கினாலோ, பேச்சு துண்டு துண்டாக வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆஸ்துமா உள்ள குழந்தையென்றால் மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி நிவாரண இன்ஹேலரை வழியிலேயே கொடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.